சீலை வேலி

கார்த்திகை 3, புதன்

என் பெயர் சென்னியப்பன். கரட்டுப்பாளையத்தில், கரடு என்கிற பாறைக் குன்றை ஒட்டிய தோட்டத்தில் குடியிருக்கிறேன். இதை எழுதுவது நானே. யாரும் சொல்லச் சொல்ல எழுதவில்லை. எதையும் பார்த்தும் எழுதவில்லை.

முதியோர் வகுப்பு எடுக்கும் கோகிலவாணி அம்மா, தினமும் நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் படித்துப் பிழை திருத்திக் கொடுப்பார்களாம். "ரெண்டு வரி எழுதுனாப் போதுங்க ஐயா" என்றார்கள். நான் இப்போதே அதைத் தாண்டிவிட்டேன்.

தேதியையும் கிழமையையும் தினசரிக் காலண்டரைப் பார்த்துப் போட்டேன். இத்தனை வருஷமாக அந்தத் தாளைக் கிழிப்பது மட்டும்தான் என் வேலை. அதில் ஒவ்வொரு ராசிக்கும் ஒரு சொல் போட்டிருக்கிறான் என்பது இந்த வருஷம்தான் தெரிந்தது. எனக்கு இன்றைக்கு 'வரவு'. பாவாத்தாளுக்கு 'அமைதி'.

பாவாத்தாள் என் வீட்டுக்காரி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏனுங்க, புள்ளி வெக்காமக் கோலம் போடறீங்க" என்றாள். தெளிவாக இருக்கும் நேரத்தில் அவள் இப்படித்தான் பேசுவாள்.

கார்த்திகை 4, வியாழன்

வடக்குத் தோட்டத்து ஈசுவரமூர்த்தி, வனக்காவலர் மாரிச்செல்வத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். காட்டுப்பன்றி அவனுடைய மக்காச்சோளத்தில் பாதியைச் சாய்த்துவிட்டது. சுடுகிற ஆட்களை அனுப்பச் சொல்லி ஊரே எழுதிப் போட்டிருந்தது. அனுப்புகிறார்களாம்.

"மாமா, தடம் நீங்கதான் பாத்துச் சொல்லோணும்" என்றான் ஈசுவரமூர்த்தி. "சின்ன வயசுல நீங்க பாக்காத பன்னியா."

மாரிச்செல்வம் தெற்கத்திக்காரர். நின்றுகொண்டே பேசினார். "பெரியவரே, எங்க ஆளுங்க பொழுது மங்குன பொறவுதான் உக்காருவாங்க. இருட்டுல அசையறதச் சுடுற வேலை. அதனால பன்னி எந்தப் பக்கம் இறங்குது, எங்க படுக்குது, அந்தப் பக்கம் மனுச நடமாட்டம் உண்டா இல்லையா, இதெல்லாம் எழுத்துல வேணும். ஆள் நடமாட்டம் இல்லன்னு உறுதியாத் தெரியாம துப்பாக்கி எடுக்க மாட்டோம்."

"எழுத்துல நானே குடுக்கறனுங்க" என்றேன்.

ஈசுவரமூர்த்தி சிரித்தான். "மாமா இப்பப் புலவருங்க சார். எருமைக்குத் தண்ணி காட்டறதையும் எழுதி வெக்கறாரு."

சிரிக்கட்டும். என் கையால் எழுதிய காகிதம் அரசாங்கத்துக்குப் போகப் போகிறது.

கார்த்திகை 5, வெள்ளி

விடிந்ததும் போனேன். ஈசுவரமூர்த்தியின் சோளக்காட்டைச் சுற்றிலும் சீலை வேலி. எங்கள் ஊரில் பன்றிக்கு இதுதான் வழக்கம். வீடு வீடாகக் கந்தல் சீலை வாங்கிக் குச்சிக்குக் குச்சி கட்டிவிடுவோம். மனுச வாசமும், காற்றில் அசைகிற நிறமும் பன்றிக்கு ஆகாது. ஊர்ப் பெண்கள் உடுத்திக் கழித்ததெல்லாம் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கும். செத்துப்போனவர்கள் சீலையும் இருக்கும்.

கரட்டுப் பக்கம் நான்கைந்து குச்சிகளில் சீலை இல்லை. அந்தச் சந்து வழியாகத்தான் பன்றி நுழைந்திருக்கிறது. கிழித்துக்கொண்டு நுழையவில்லை. கிழித்திருந்தால் முடிச்சு குச்சியிலேயே நின்றிருக்கும். முடிச்சே இல்லை. யாரோ அவிழ்த்திருக்கிறார்கள்.

உள்ளே மண் ஏர் ஓட்டியதுபோலக் கிளறிக் கிடந்தது. முட்கம்பியில் பன்றி மயிர். வேப்பமரத்தில் என் இடுப்பு உயரத்துக்குச் சேறு தேய்த்திருந்தது. பெரிய உருப்படி. கூட்டத்தில் சினைப்பன்றி ஒன்றும் இருக்கிறது. குளம்பு ஆழமாக, அகலமாக விழுந்திருக்கிறது.

பன்றித் தடங்களுக்கு நடுவில் ஒரு மனிதக் கால். செருப்பில்லாத கால், சிறிய கால். பன்றித் தடம் அதற்கு முன்னாலும் இருந்தது, பின்னாலும் இருந்தது. எந்தத் தடமும் ஓடவில்லை. எல்லாம் மெதுவாக நடந்திருக்கின்றன.

வேப்பங்கிளை ஒன்றை ஒடித்து, அந்தக் காலை மட்டும் கூட்டி அழித்துவிட்டேன். தடத்தோடு தடம் கலந்தால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம்.

பாவாத்தாள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெந்நீர் வைத்து அவளுக்குக் கால் கழுவிவிட்டேன்.

கார்த்திகை 6, சனி

சினை எருமைக்கு மருந்து கொடுத்தேன். பாவாத்தாளின் தலைமயிரில் நாயுருவி விதை நிறைய ஒட்டியிருந்தது. எடுத்து முடிப்பதற்குள் வெயில் வாசலுக்கு வந்துவிட்டது.

கார்த்திகை 7, ஞாயிறு

வகுப்பு. கோகிலவாணி அம்மா எல்லோர் முன்னாலும் என் நோட்டைப் படித்தார்கள். சிவப்பு மை குறைவு. "யாரோ அவிழ்த்திருக்கிறார்கள்னு எழுதியிருக்கீங்களே, யாருன்னு தெரியலீங்களா?"

"தெரியலீங்க."

"பயமா இல்லீங்களா ஐயா, பன்னிக்கு நடுவுல நடந்த காலுன்னு படிச்சா எனக்கே ஒரு மாதிரி இருக்குது."

நோட்டை வாங்கக் கையை நீட்டினேன். ஓரத்தில் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தார்கள். வழியில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.

மகன் தனசேகரன் திருப்பூரிலிருந்து போன் செய்தான். ஐப்பசியில் பாவாத்தாள் தனியாகப் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டாள். யாரோ கூட்டிவந்து விட்டார்கள். அப்போதே அவன் சொல்லியிருந்தான், இன்னொரு முறை வெளியே போனால் கோயம்புத்தூரில் நினைவு தப்பியவர்களைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் சேர்த்துவிடுவேன் என்று. அங்கே கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கும்.

"அம்மா வெளிய போறதில்லையே?" என்று கேட்டான்.

"இல்லப்பா. ஊட்டுலயேதான் இருக்கறா."

கார்த்திகை 9, செவ்வாய்

தெற்கே பள்ளத்து ஓடையில் பன்றி புரளும் சேற்றுக்குழியைக் கண்டுபிடித்தேன். அதன் கரையில் ஒரு பாறை. பாறை மேல் காணாமல்போன சீலைகள்.

மடித்து வைத்திருந்தன. கடையில் மடிப்பதுபோல ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி, வீடு வாரியாகப் பிரித்து அடுக்கியிருந்தது. பக்கத்து ராமாத்தாள் வீட்டுச் சீலை ஒரு பக்கம். நாவிதர் வீட்டுச் சீலை ஒரு பக்கம். ஈசுவரமூர்த்தியின் அம்மா ருக்குமணி செத்து மூன்று வருஷமாகிறது. அவளுடைய பச்சைச் சுங்குடி தனியாக, கூழாங்கல் பாரம் வைத்து.

பாறையைச் சுற்றிப் பன்றிகள் வட்டமாகப் படுத்திருந்த அடையாளம். மண் அழுந்தியிருந்தது. எல்லாத் தலைகளும் பாறையைப் பார்த்து இருந்திருக்கின்றன.

பகல் பதினோரு மணி வெயில். ஒரு காடை கூடக் கத்தவில்லை.

சீலைகளை எடுத்துவந்து மறுபடியும் குச்சிகளில் கட்டினேன். முடிச்சை இறுக்கிப் போட்டேன்.

கார்த்திகை 10, புதன்

முடிச்சு அவிழ்ந்திருக்கிறது.

கார்த்திகை 11, வியாழன்

பொழுது சாயும் நேரத்தில் பாவாத்தாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள்.

"விளக்கு வெக்கற நேரமாச்சு. துணி எடுக்கலியா? பொம்பளைங்க சீலையப் பொழுதோட வெளிய உடக்கூடாதுங்க."

எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு துணியும் இல்லை. காட்டினேன். "நம்முளது இல்லீங்க" என்றாள். "அங்க அத்தனை பேரு சீலையும் நனையுது. ருக்குமணி குளிருதுங்கறா."

கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன்.

கார்த்திகை 12, வெள்ளி

தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். பாவாத்தாளின் நெற்றியில் காயம். மஞ்சள் வைத்தேன். கதவில் இடித்துக்கொண்டாள்.

கார்த்திகை 13, சனி

கரட்டின் கிழக்குச் சரிவில், ஈச்சம் புதருக்குள், சினைப்பன்றி கூடு கட்டியிருக்கிறது. குட்டி போடும் முன்பு தாய்ப்பன்றி புல்லையும் தழையையும் கடித்துவந்து மெத்தை போட்டுக்கொள்ளும். எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது புல் மெத்தை இல்லை. சீலை மெத்தை. அடியில் சோளத்தட்டை, அதன் மேல் சீலைகள் விரித்து, ஓரங்களை உள்ளே செருகியிருந்தது. பன்றிக்கு அப்படிச் செருகத் தெரியாது.

நடுவில் பன்றி படுத்த குழி. அதை ஒட்டி இன்னொரு குழி. அது நீளமாக இருந்தது. ஒருக்களித்துக் காலை மடக்கிப் படுத்தால் என் தோள் உயரத்து ஆள் ஒருத்தருக்குச் சரியாக இருக்கும்.

அதில் ஒரு வெள்ளை மயிர். மடியில் கட்டிக்கொண்டேன்.

கார்த்திகை 14, ஞாயிறு

"நோட்டு எங்கீங்க ஐயா?" என்றார்கள் கோகிலவாணி அம்மா.

"எருமை மிதிச்சுப் போட்டுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எருமைக்கும் எழுத்து ஆசை வந்துவிட்டது என்று ராமாத்தாள் சொன்னாள்.

இனி இதை யாருக்கும் காட்டப் போவதில்லை. ஆகவே எழுதுகிறேன். அந்தக் கால் பாவாத்தாளுடையது. முதல் நாளே தெரியும். அவளுடைய வலது சுண்டுவிரல் மண்ணில் படாது, கல்யாணமான வருஷத்தில் மரக்கட்டை விழுந்த விரல். சொல்லிவிட்டால் தனசேகரனுக்குப் போய்விடும். அவன் வந்து அழைத்துப் போய்விடுவான். வெளிப்பக்கம் பூட்டிய அறையில் அவள் நெற்றியை என்ன செய்துகொள்வாள் என்று எனக்குத் தெரியும்.

பூட்டினாலும் நிற்கவில்லை. ஆகவே நான் பின்னாலேயே போகிறேன். நேற்றும் போனேன். பனைமரத்து மறைவில் நின்று பார்த்தேன்.

வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. அவள் வேலியோரமாக நடந்து, ஒவ்வொரு சீலையாகத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கரட்டிலிருந்து பன்றிகள் இறங்கின. சத்தமே இல்லை. பெரிய கிடாப்பன்றி கோரைப்பல் தெரிய அவளிடம் வந்து, முழங்கை அளவு தூரத்தில் நின்றது. அவள் அதைப் பார்த்து, "அட தள்ளி நில்லுப்பா, சீலையில சேறு படும்" என்றாள்.

தள்ளி நின்றது.

பிறகு அவள் முன்னே நடந்தாள், எல்லாம் பின்னே நடந்தன. யாரோ அவளிடம் பேசிக்கொண்டே வருவதுபோல "ம்", "அப்படியா", "அப்பறம்" என்று சொல்லிக்கொண்டு போனாள். என்னிடம் அவள் அப்படிப் பேசி நாளாயிற்று.

விடியும் முன்பு தானாகவே வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். மேலெல்லாம் பன்றி வாசம். எனக்கு அது பழகிவிட்டது.

கார்த்திகை 16, செவ்வாய்

மாரிச்செல்வம் வந்தார். வெள்ளிக்கிழமை சுடும் ஆட்கள் தயார். நாளைக்கு என் காகிதம் வேண்டும்.

"ஆள் நடமாட்டம்?" என்றார்.

"எழுதித் தர்றனுங்க" என்றேன்.

சாயங்காலம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பிடி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. எருமை கயிற்றை உருவுவதுபோல உருவிக்கொண்டு போனாள்.

கார்த்திகை 17, புதன்

பால் சங்கத்துத் தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். காகிதத்தைக் கொடுத்தேன். இரண்டு நாள் எழுதிய காகிதம். மாரிச்செல்வம் சத்தமாகப் படித்தார்.

'பன்றி கரட்டிலிருந்து கிழக்கே இறங்குகிறது. ஈச்சம் புதரில் கூடு உண்டு. ஆள் நடமாட்டம் உண்டு. அது என் மனைவி பாவாத்தாள். அவள் பன்றிக் கூட்டத்துக்கு நடுவில் நடக்கிறாள். சுட வேண்டாம். சென்னியப்பன்.'

பால் கேனுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்த ராமாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அக்காளா? அவங்க எங்கூட்டு முன்னாலதான தினம் போறாங்க. கொல்லைக்குப் போறாங்கன்னு இருந்தனே."

"என்ன பெரியவரே இது" என்றார் மாரிச்செல்வம். அவருக்கு முகம் வேர்த்திருந்தது. "இதச் சொல்லாம இருந்திருந்தா வெள்ளிக்கிழமை என்ன ஆயிருக்கும்?"

ஈசுவரமூர்த்தி என்னைத் தனியாக அழைத்துப் போனான். பயிர் போனதற்குத் திட்டப் போகிறான் என்று நினைத்தேன்.

"மாமா, எங்கம்மா சீலையும் அத்தைதான் எடுத்தாங்களா?"

"ஆமாப்பா."

"ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ருக்குமணி குளிருதுங்கறான்னு சொன்னா."

அவன் வண்டியை எடுக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனான்.

கார்த்திகை 19, வெள்ளி

தனசேகரன் கார் எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. "எங்கிட்டச் சொல்றதுக்கு என்னப்பா?" என்று ஒரு முறை கேட்டான். அதற்கு மேல் திட்டவில்லை. அவன் திட்டியிருக்கலாம்.

பாவாத்தாள் கல்யாணத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டு நல்ல சீலை உடுத்தினாள். காரில் ஏறும்போது என்னைப் பார்த்து, "ஊட்டப் பாத்துக்குங்க" என்றாள். பண்ணையாளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீங்களும் வாங்கப்பா" என்றான். எருமை ஈனட்டும், வருகிறேன் என்றேன்.

கார்த்திகை 21, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. பாவாத்தாள் ஊரில் இல்லை என்றானதும் சுடும் ஆட்கள் வந்துவிட்டார்கள். நேற்றுப் பொழுது மங்கும் நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. இன்று காலையில் அடையாளம் சொல்லக் கூப்பிட்டார்கள். கிடா ஒன்று, தாய்ப்பன்றி ஒன்று. மற்றவை கரட்டுக்கு ஏறிவிட்டன.

தாய்ப்பன்றியின் மடி பால் கட்டி இறுகியிருந்தது. குட்டி போட்டிருக்கிறது.

"கூட்டுல ஏதாச்சும் இருக்கான்னு பாத்துட்டு வர்றீங்களா?" என்றார் மாரிச்செல்வம்.

போனேன். செம்மண் நிறத்தில், முதுகில் மஞ்சள் வரி ஓடிய குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக ருக்குமணியின் பச்சைச் சீலைக்குள் கிடந்தன. பக்கத்து நீளமான குழியில் கையை வைத்தேன். பாவாத்தாள் போய் மூன்றாம் நாள். குழி சூடாக இருந்தது.

திரும்பி வந்து, "ஒன்னுமில்லீங்க" என்றேன்.

கார்த்திகை 22, திங்கள்

எருமை ஈன்றது. கிடாரிக் கன்று. சீம்பால் நிறைய இருக்கிறது. கன்றுக்குப் போக மீதியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனேன். துணியை நனைத்துக் கொடுத்தால் குட்டிகள் குடிக்கின்றன.

கார்த்திகை 24, புதன்

தனசேகரன் கோயம்புத்தூரில் அவள் இருக்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து போன் செய்து அவளிடம் கொடுத்தான்.

"பாவாத்தா, நான்தான்."

"யாருங்க பேசறது?"

"நான்தான் புள்ள."

"நீங்க யாரோ தெரியலீங்க. ஒரு ஒத்தாசை பண்ணுங்க. குட்டிங்களத் தனியா உட்டுட்டு வந்துட்டனுங்க. இங்க கதவத் தொறக்க மாட்டீங்கறாங்க. நீங்க அந்தப் பக்கமா போனீங்கன்னா அதுங்கள ஒரு எட்டுப் பாருங்க. குளிரு ஆகாதுங்க அதுங்களுக்கு."

"பாத்துக்கறனுங்க" என்றேன். அவள் மரியாதையாகப் பேசியதால் நானும் அப்படியே பேசினேன்.

"மகராசனா இருங்க" என்றாள். அவளுடைய குரலில் அவ்வளவு நிம்மதி. அதைக் கேட்டு எனக்கும் சந்தோஷம். இதை நான்கு முறை எழுதிப் பார்த்தேன், மகராசன் என்ற சொல்லை.

கார்த்திகை 26, வெள்ளி

குட்டிகளுக்கு மேல் போர்த்த இன்னும் சீலை தேவைப்பட்டது. வேலியில் காய்ந்தவையாகப் பார்த்து எடுத்தேன்.

கார்த்திகை 28, ஞாயிறு

வகுப்பு நினைவில் இல்லை. கோகிலவாணி அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வாசலில் நின்று, மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு பேசினார்கள். எதற்கென்று தெரியவில்லை.

"ஐயா, கோயம்புத்தூருக்குப் போலீங்களா? அம்மா அங்க தனியா இருப்பாங்களே."

"போகோணுமுங்க."

"கால்ல என்னங்க அவ்வளவு முள்ளு?"

குனிந்து பார்த்தேன். உண்மைதான்.

கார்த்திகை 29, திங்கள்

மீதிப் பன்றிகள் கரட்டிலிருந்து இறங்கிவிட்டன. முதலில் தூரத்தில் நின்றன. பிறகு வந்தன. இன்னொரு தாய், குட்டிகளை மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் படுத்துப் பால் கொடுத்தது. நான் எழுந்து போக இடமில்லாமல் நடுவில் இருந்தேன். அவற்றின் வயிற்றுச் சூடு இரண்டு பக்கமும். இந்தப் பனிக்கு வீட்டில் போர்வை போதவில்லை. பாவாத்தாள் "ம்", "அப்படியா" என்று எதற்குச் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது. அவை மூச்சுவிடுவது கேட்க அப்படித்தான் இருக்கிறது.

மார்கழி 2, புதன்

மாரிச்செல்வமும் ஈசுவரமூர்த்தியும். மறுபடியும் சோளம் போய்விட்டது, மறுபடியும் ஆட்கள் வருகிறார்கள், மறுபடியும் காகிதம் வேண்டும்.

போன முறை உண்மையை எழுதினேன். பாவாத்தாளைக் கொண்டுபோய்விட்டார்கள். இந்த முறை உண்மையை எழுதினால் என்னைக் கொண்டுபோவார்கள். குட்டிகளை யார் பார்ப்பது? அவளிடம் சொல்லிவிட்டேனே.

ஆகவே எழுதினேன். 'கரட்டில் பன்றி இல்லை. எல்லாம் மேற்கே போய்விட்டன. ஆள் நடமாட்டமும் இல்லை. சென்னியப்பன்.'

மாரிச்செல்வம் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பன்னி இல்லன்னு நீங்க சொல்லுறிய. நேத்துச் சாயந்திரம் அந்தச் சரிவுல எட்டு உருப்படிய நானே பாத்தேன். கண்ணு மங்கிட்டு போல, பெரியவரே. பரவாயில்ல. ஆள் இல்லன்னு எழுதியிருக்கிய பாருங்க, எனக்கு அது போதும்."

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார்.

அவர் போன பிறகு ஈசுவரமூர்த்தி மட்டும் நின்றான். "மாமா, நீங்க சாப்புட்டீங்களா?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்கவில்லை.

மார்கழி 5, சனி

பொழுது சாய்கிறது. எழுத வெளிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது. கூட்டிலிருந்து பார்த்தால் ஈச்சம் மட்டைகளுக்கு இடையில் என் வீட்டு ஓடு தெரியும்.

கோகிலவாணி அம்மா வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார்கள். சத்தம்போட்டுச் சொல்வது இதுவரை கேட்கிறது. "ஐயா, உள்ள இருக்கீங்களா? இன்னைக்குச் சுடறவங்க வர்றாங்களாம். காலையில வரைக்கும் கதவத் தொறந்துட்டு வெளிய வந்துராதீங்க. கேக்குதுங்களா?"

பதில் சொல்லவில்லை. சொன்னால் எல்லாம் மிரண்டுவிடும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மண்ரோட்டில் ஜீப் வந்து நின்றது. விளக்கை அணைத்துவிட்டார்கள். கதவைச் சாத்துகிற சத்தம்கூட இல்லாமல் இறங்குகிறார்கள். வேலை தெரிந்தவர்கள். பெரிய பன்றி காதை நிமிர்த்திப் பார்த்துவிட்டு என் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டது.

இப்போது எழுந்து நின்று கையை ஆட்டினால் அவர்களுக்குத் தெரியும். அந்த அளவு வெளிச்சம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு வரிக்குட்டி என் இடது கையின் மேல் படுத்துத் தூங்கிவிட்டது. வாயில் பால் நுரை. இப்போதுதான் கண் மூடியது. எழுப்ப மனமில்லை.